ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் வராமல் இருக்க

அம்பத்தூர் குடோனின் ஸ்டாக் மென்பொருளையும் கிண்டி அலுவலகத்தின் பில்லிங்கையும் மெசேஜ் கியூ (ஒரு மென்பொருளின் செய்திகளை வரிசையில் வைத்து மற்றொன்றிடம் சேர்க்கும் அமைப்பு) வழியாக இணைக்கிறீர்களா? முதலில் இரட்டிப்பைத் தடுங்கள். பெரும்பாலான கியூக்கள் 'குறைந்தது ஒருமுறை' சேர்ப்பதாகத்தான் உறுதி தருகின்றன. பெறும் நிரல் பில்லைப் போட்டுவிட்டு, 'முடிந்தது' என்று கியூவுக்கு ஒப்புகை அனுப்பும் முன் நின்றுபோனால், அதே செய்தி மறுபடி வரும்.

அதனால் ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பும் இடத்திலேயே தனி எண் கொடுங்கள். பெறும் பக்கம் அந்த எண்ணை யூனிக் கட்டுப்பாடுள்ள (அதே எண்ணை இரண்டாம் முறை ஏற்காத) டேட்டாபேஸ் டேபிளில், பில் பதிவாகும் அதே (இரண்டும் சேர்ந்தே பதிவாகும், இல்லையேல் இரண்டுமே பதிவாகாத) டிரான்சாக்‌ஷனுக்குள் எழுத வேண்டும். தனித்தனியாக எழுதினால் இடையில் சர்வர் விழும்போது இந்த ஏற்பாடே வீண். மறுமுயற்சிக்குப் புது எண் உருவாக்குவது இன்னும் மோசம். பெறுபவருக்கு அது புது ஆர்டர்தான்.

திரும்பத் திரும்பத் தோற்கும் செய்தியை, 5 முயற்சிக்குப் பிறகு, டெட் லெட்டர் கியூவுக்கு (தோற்ற செய்திகளைத் தனியே வைக்கும் வரிசைக்கு) ஒதுக்குங்கள். அதைத் தினமும் பார்க்க ஓர் ஆளையும் நியமியுங்கள்.