ஐந்தடிக்குக் குறைந்தவர்கள் கொழும்பில் பேஸ் கிட்டார் வாங்கப்போனால்

என் உயரம் 4 அடி 11 அங்குலம். இடக்கை விரல்களை முடிந்தமட்டும் விரித்தால் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 12 சென்டிமீட்டர் வரும், அதற்குமேல் வராது. முதலிலேயே இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொந்தமாக ஒரு பேஸ் வாங்கப்போகிறேன் என்றதும் ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள், ஆனால் கையை ஒருக்கா அளந்து பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. "சின்ன ஆள்தானே, சின்னதா ஒண்டு எடு" என்பதோடு கதை முடிந்துவிடும். பாரம் வேறு, நீளம் வேறு, தோளில் தொங்கும்போது அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வேறு. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், அதிலும் மூன்றாவதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு தேவாலயத்தில் ஞாயிறு தமிழ் ஆராதனைக்கு வாசிக்கிறோம். பேஸ் வாசித்த அண்ணா கட்டாருக்கு வேலைக்குப் போனபிறகு அந்த இடத்துக்கு நான் வந்தேன். தேவாலயத்தில் இருக்கிற பேஸ் வழக்கமான பெரிய சைஸ். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டி நிறுக்கக் கொண்டுவரும் கைத்தராசு ஒன்று எங்கள் வீட்டில் கிடக்கிறது, அதில் மாட்டிப் பார்த்தேன்: 4.4 கிலோ. ஒரு பாட்டுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் சனிக்கிழமை பயிற்சியும் ஞாயிறு ஆராதனையும் நின்றுகொண்டே வாசித்தால், திங்கட்கிழமை காலை இடது தோள் பலகையாக இறுகி நிற்கும், மணிக்கட்டும் இழுக்கும். சுகமாக வாசிக்கமுடியாத வாத்தியத்தை நாளடைவில் கை தொடாமலே விட்டுவிடும். எனக்கு இதை விட மனமில்லை. பேஸ் இல்லாமல் நாலு பேர் பாடுவதையும், அடியில் ஒரு பேஸ் வந்து சேர்ந்தபிறகு அதே நாலு பேர் பாடுவதையும் கேட்டவர்களுக்கு ஏன் என்று விளங்கும்.

சரி, அளவுக்கு வருவோம். பேஸில் நரம்பு அதிர்கிற நீளத்தை, அதாவது கழுத்து முனையில் நரம்பு தாங்கி நிற்கும் நட் என்ற சிறு துண்டிலிருந்து, உடம்பில் நரம்பைத் தாங்கும் பிரிட்ஜ் வரைக்குமான தூரத்தை, ஸ்கேல் என்பார்கள். 1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்ததிலிருந்து 34 அங்குலம்தான் பொது வழக்கு. 30 அங்குலம் வந்தால் ஷோர்ட் ஸ்கேல், நடுவில் 32 அங்குலமும் உண்டு, 28.6 அங்குலத்தில் இன்னும் சின்னதும் வருகிறது. நாலு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள்; முதலாவது ஃப்ரெட்டுக்கும் நாலாவது ஃப்ரெட்டுக்கும் இடையிலான தூரம் 34 அங்குல பேஸில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர், 30 அங்குலத்தில் 11.4, 28.6 அங்குலத்தில் 10.9. என் கை 12. விரலுக்கொரு ஃப்ரெட் என்று வைத்து வாசிக்கிற முறை பெரிய பேஸில் நட்டை ஒட்டிய பக்கத்தில் எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்பதற்கு இதுதான் விடை, பயிற்சி போதாததால் வந்த குறை இல்லை அது. நீங்களும் ஒரு அடிமட்டத்தை எடுத்து இந்த ஒரு அளவை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்காகச் சின்னக் கைக்காரர்கள் பெரிய பேஸ் வாசிக்கவே முடியாது என்று நான் சொல்லவரவில்லை. பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் ராக் பாடகி சூசி குவாட்ரோ ஐந்தடி உயரத்தை ஒட்டியவர், மேடையில் முழு நீளப் பிரிசிஷன் பேஸோடுதான் நிற்பார். நின்று வாசிக்கிற டபுள் பேஸின் ஸ்கேல் 40 அங்குலத்துக்கும் மேல், அதை வாசிக்கிறவர்கள் நட்டை ஒட்டிய பக்கத்தில் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் ஒன்றாக வைத்து மூன்று ஃப்ரெட் அளவு தூரத்தை மட்டும் பிடிப்பார்கள், மிச்சத்துக்குக் கையை நகர்த்துவார்கள். இதைப் பழகிக்கொண்டால் 34 அங்குலமும் ஓடும், நானும் பல மாதம் அப்படித்தான் ஓட்டினேன். இன்னொன்று, முதலாவது ஃப்ரெட் எட்டவில்லை என்றால் விரல்தான் குட்டை என்று நினைத்துவிடக்கூடாது. உடம்பின் மேல் கொம்பு, அதாவது கழுத்துப் பக்கமாக நீண்டிருக்கும் மேல் முனை, குட்டையாக இருந்தால், ஸ்ட்ராப் மாட்டும் பொத்தான் பின்னுக்குப் போய், கழுத்து முழுவதும் இடப்பக்கமாகத் தள்ளி நிற்கும். அப்போது கையை நீட்டிக்கொண்டே வாசிக்கவேண்டும், தோள்நோ அங்கிருந்துதான் தொடங்குகிறது. மேல் கொம்பு நீண்டு, பொத்தான் 12ஆவது ஃப்ரெட் பக்கமாக வந்தால் ஒரே ஸ்கேல் உள்ள பேஸ்கூட கிட்டத்தில் வந்ததுபோல இருக்கும்.

விலைக்கு வந்தால், பழைய ஞாபகத்தில் இருக்கிற தொகை எதையும் நம்பமுடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது, பிறகு இறங்கி 2024இல் 300ஐச் சுற்றி நின்றது. வெளியில் 200 டொலர் பெறுமதியான தொடக்க பேஸ் இங்கே வரி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்து வரும்போது என் கையை மீறியது. என்னிடம் இருந்தது 80,000 ரூபாய். அதனால் பாவித்ததுதான் வாங்குவது என்று முடிவு. ஆனாலும் கடைகளுக்குப் போகவேண்டும், ஏனென்றால் எது உடம்புக்குப் பொருந்தும் என்பதைக் கையில் எடுக்காமல் கண்டுபிடிக்கமுடியாது. காலி வீதிக் கடைகளிலும் நுகேகொடையிலும் நான் பார்த்தவற்றில் நின்றதெல்லாம் பெரும்பாலும் 34 அங்குலம். "மிஸ், இதைவிடச் சின்னது எங்களுக்கு வாறதில்லை" என்று ஒரு கடையில் சொன்னார்கள். இன்னொரு கடையில் உள்ளே போய் ஒரு ஐபனெஸ் மிக்ரோவைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு அம்ப்பும் குத்தித் தந்து, வாசித்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். வாங்காமல் போனாலும் முகம் சுளிக்காத கடை அது.

மிக்ரோ 28.6 அங்குலம், 22 ஃப்ரெட், நரம்பின் அதிர்வைப் பிடித்து அம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் இரண்டு. கைக்கு உடனே சுகம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாங்குவதென்றால் இரண்டாம் யோசனை வேண்டாம். எனக்கு மனத்தடை ஆகத் தடித்த, ஆகத் தாழ்ந்த சுருதியுள்ள இ நரம்பில்தான் வந்தது. ஒரே நரம்பை ஒரே சுருதிக்குக் கட்டினால் ஸ்கேல் குறையக் குறைய இழுவிசையும் குறையும்: 30 அங்குலத்தில் ஏறக்குறைய 22 சதவீதம், 28.6இல் 29 சதவீதம். இ நரம்பு தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிபட்டது. நான் கொஞ்சம் பலமாகத் தட்டுகிற ஆள், பைலா தாளம் வந்தால் இன்னும் பலமாக. மெதுவாக வாசிக்கிறவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாமல் போகலாம்.

அடுத்தது பாவித்த ஸ்குவயர் புரொங்கோ ஒன்று. 30 அங்குலம், மெல்லிய கழுத்து, நட் அகலம் 38 மில்லிமீட்டர், தூக்க லேசு. என் மனதுக்கு நெருங்கி வந்தது. அந்தப் பழைய வகையில் பிரிட்ஜில் நாலு நரம்புக்கும் சேர்த்து, நரம்பு உட்காரும் சாடில்கள் இரண்டே இரண்டு, அதனால் நரம்புக்கு நரம்பு தனித்தனியாகச் சுருதியைச் சீர்செய்ய முடியாது. 12ஆவது ஃப்ரெட்டில் நரம்பை அழுத்தாமல் லேசாகத் தொட்டு ஹார்மோனிக் தட்டி, பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சுருதி பார்க்கும் கருவியில் பாருங்கள். அதில் ஏ நரம்பு விலகி நின்றது. பிரிட்ஜை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டித்தான் பேரம் பேசவேண்டும், விற்றவர் இறங்கவில்லை.

வயலின் வடிவத்தில் வருகிற பேஸையும் பார்த்தேன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் அந்த வகை, ஸ்கேல் 30 அங்குலம், உள்ளே வெறும் கூடு என்பதால் பாரமே இல்லை. நான் தொட்டது யாரோ செய்த மலிவு நகல், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் சத்தத்தைக் கூட்டியதும் ஊளையிடத் தொடங்கியது. யுகலேலே அளவில் ரப்பர் போன்ற நரம்போடு வரும் சின்ன பேஸ்களும் உண்டு, பஸ்ஸில் கொண்டுபோக அதைவிட வசதி இல்லை, ஆனால் பெரிய பேஸுக்கு மாறி மாறி வாசிக்கவேண்டிய எனக்கு அந்தத் தொடுகை ஒத்துவராது.

இரண்டு கொம்பும் குட்டையாக, கிப்சன் எஸ்ஜி கிட்டாரின் சாயலில் இருந்த ஒரு பேஸ்தான் எனக்குப் பெரிய பாடம் எடுத்தது. தராசில் மூன்று கிலோ சொச்சம், எல்லாவற்றிலும் லேசு. ஸ்ட்ராப் மாட்டி இடக்கையை எடுத்தேன், கழுத்து நேரே தரையைப் பார்த்துச் சரிந்தது. உடம்பு லேசு, தலைப்பக்கம் பாரம், அப்போது இடக்கை வாசிக்கிற வேலையையும் தூக்கிப் பிடிக்கிற வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். சமநிலையாகத் தொங்குகிற நாலு கிலோ, சரிந்து விழுகிற மூன்று கிலோவைவிட நல்லது. எடையைக் கேட்டுவிட்டு மட்டும் ஒருநாளும் வாங்காதீர்கள். நின்று, ஸ்ட்ராப் போட்டு, கையை விட்டுப் பாருங்கள்.

கடைசியில் வாங்கியது ஐபனெஸ் டிஎம்பி30, பாவித்தது, தெஹிவளையில் ஒரு தம்பியிடம். 30 அங்குலம், 20 ஃப்ரெட், பிரிசிஷன் வகையில் ஒன்றும் ஜாஸ் வகையில் ஒன்றுமாக இரண்டு பிக்கப். "அக்கா, அவசரமில்லை, எவ்வளவு நேரமும் வாசிச்சுப் பாருங்க" என்று கதிரை போட்டுத் தந்தார். தராசில் 3.3 கிலோ. கையை விட்டால் கழுத்து கொஞ்சம் தாழ்ந்து, அங்கேயே நின்றது. இ நரம்பை முதலாவது ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பார்த்தேன், மெல்லிய அட்டை நுழைகிற அளவுக்கு இருந்தது, அதாவது கழுத்து வளைந்து கெடவில்லை. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ரொட்டின் திருகு இறுகிப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன், சாவியைப் போட்டு அவரே கால் சுற்றுத் திருப்பிக் காட்டினார். பாவித்ததில் இதைப் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம், கடற்கரைப் பக்கம் இருந்த வாத்தியம் என்றால் கட்டாயம் பார்க்கவேண்டும். வொலியூம் குமிழ் ஒன்றில் கரகரப்பு இருந்தது, அதைச் சொல்லிக் கேட்டதில் 72,000க்கு முடிந்தது. கொன்டாக்ட் கிளீனர் அடித்ததும் கரகரப்பு போய்விட்டது.

ஸ்ட்ராப் விடயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் அகல நைலோன் பட்டி தோளை வெட்டும், வழுக்கவும் செய்யும். புறக்கோட்டையில் பை தைக்கிற ஒருவரிடம் எட்டு சென்டிமீட்டர் அகலத்தில், உள்பக்கம் சொரசொரப்பான தோல் வைத்துத் தைத்துத் தரச்சொன்னேன். சொரசொரப்பு சட்டையைப் பிடித்துக்கொள்வதால் கழுத்து தாழ்வதும் நின்றுவிட்டது. நீளத்தையும் உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் இருக்கும் உயரத்துக்கே வைத்திருக்கிறேன், தொடைக்குக் கீழே தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிந்துபோகும்.

வீடு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கம். உப்புக்காற்றில் நரம்பு சீக்கிரமே துருப்பிடிக்கிறது, வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு நரம்பையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைக்கிறேன், பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன். நூறாம் இலக்க பஸ்ஸில் வேலை விடுகிற நேரத்தில் ஏறுவதில்லை, ஆட்கள் குறைந்த நேரத்தில் பேஸை முன்னால் அணைத்துப் பிடித்தபடி ஏறிவிடலாம். பெரிய பேஸோடு அதுகூட முடியாது.

நரம்புதான் இன்னும் தீராத விடயம். ஷோர்ட் ஸ்கேல் செட் இங்கே எல்லா நேரமும் கிடைப்பதில்லை. 34 அங்குல நரம்பை வாங்கி வெட்டிப் போடலாம் என்பார்கள், ஆனால் தடித்த பகுதியே, தலைப்பக்கத்தில் நரம்பை முறுக்கும் ட்யூனரின் தண்டில் சுற்றவேண்டி வரும், இ நரம்பு அங்கே முறியவோ சுற்றுக்கம்பி கழன்று சத்தம் செத்துப்போகவோ இடமுண்டு. வேறு வழியில்லாமல் வெட்டுவதென்றால், வெட்டும் இடத்துக்கு முன்னால் கூர்மையாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால்தான் வெட்டவேண்டும், நேராக இருக்கும்போதே வெட்டினால் சுற்றுக்கம்பி உள்ளிருக்கும் கம்பியை விட்டுவிடும். இழுவிசைக் குறைவை ஈடுகட்ட நான் 50இலிருந்து 105 வரையான (அங்குலத்தின் ஆயிரத்தில் பங்கு) தடிப்பில் போடுகிறேன், இ நரம்பின் தொளதொளப்பு பெருமளவு அடங்கிவிட்டது. டிசம்பரில் டொரொன்டோவிலிருந்து பெரியம்மாவின் மகன் வருகிறார், இரண்டு செட் சொல்லியிருக்கிறேன், உறையில் ஷோர்ட் ஸ்கேல் என்று அச்சடித்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வாங்கும்படி. வெளியிலிருந்து சொல்லி எடுக்கிறவர்கள் உங்கள் பேஸில் பிரிட்ஜிலிருந்து நட் வரைக்கும், அங்கிருந்து இ நரம்பின் ட்யூனர் வரைக்கும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு அளவையும் அனுப்பினால் வாங்குகிறவருக்கும் சுலபம்.