மாலுமிப் பட்டியலில் இல்லாதவர்கள்

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். வரும் கப்பலுக்குத் தண்ணீர், எண்ணெய், சாப்பாட்டுச் சாமான் ஏற்பாடு செய்வது, குடிநுழைவுத் துறைக்கும் துறைமுகத்துக்கும் காகிதம் கொடுப்பது, இதுதான் அன்றாடம். ஜெனிவாவில் ஐ.நா. கூட்டத்தில் யார் என்ன பேசினால் எனக்கென்ன என்றிருந்தேன். வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி வந்த அகதிகளைத் தென்சீனக் கடலில் காப்பாற்றிய சரக்குக் கப்பல்கள் எங்களிடம் வரத் தொடங்கியதும் அந்த அலட்சியம் போயிற்று.

அப்போது சிங்கப்பூரின் விதி கறாராக இருந்தது. இவர்களை 90 நாளுக்குள் அழைத்துக்கொள்வோம் என்று ஒரு நாடு எழுதிக் கொடுத்தால்தான் கரையில் கால் வைக்கலாம். பெரும்பாலும் அந்த எழுத்தைக் கப்பலின் கொடி நாடுதான், அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாடுதான், தர வேண்டும். அது வரும்வரை கப்பல் நங்கூரத்தில் கிடக்கும். ஐரோப்பியக் கொடி என்றால் தூதரகத்தை நச்சரித்து வாங்கிவிடலாம். லைபீரியா, பனாமா கொடிதான் தலைவலி. முதலாளி ஓர் ஊர், கேப்டன் வேறு ஊர், கொடி மட்டும் பனாமா. பனாமா யாரை அழைத்துக்கொள்ளப் போகிறது?

கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில் லாஞ்ச் பிடித்து அப்படியொரு கப்பலுக்குப் போனது நினைவிருக்கிறது. சரக்கறை மூடிமேல் தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மாலுமிகளுக்கென்று வாங்கிய அரிசி அவர்களோடு சேர்ந்து தீர்ந்துவிட்டது. பால்பவுடர் கப்பலில் ஏது? சமையல்காரர் கஞ்சித் தண்ணீரில் சர்க்கரை போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேப்டன் தட்டச்சு செய்த பட்டியலைக் கொடுத்தார்: பெயர், பிறந்த தேதி, உறவு. கடைசியில் ஒரு கட்டத்தை நான் பேனாவால் போட்டேன்: வெளிநாட்டில் சொந்தக்காரர் உண்டா, முகவரி என்ன. கலிபோர்னியாவில் ஓர் அண்ணன் இருந்தால் தூதரகத்தில் ஃபைல் வேகமாக நகரும் என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

கரைக்கு வந்தால் முதலாளியின் டெலக்ஸ் காத்திருக்கும். ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். கடலில் எடுத்த மனிதர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. எங்கள் மேலாளர் அதைப் படித்துவிட்டு, “தம்பி, நீ சாமானை அனுப்பு, பில்லை அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்.

1979 ஜூன் கடைசியில் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானில் அப்போதிருந்த ஐந்து நாடுகளும், இனி புதிதாக யாரையும் ஏற்க மாட்டோம் என்று அறிவித்தன. மலேசியாவின் பிடோங் தீவில், ஒரு சதுர கிலோமீட்டர் அளவிலான இடத்தில், ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஜூலையில் ஐ.நா. பொதுச்செயலாளர் வால்ட்ஹைம் ஜெனிவாவில் மாநாடு கூட்டினார். 65 நாடுகள் வந்தன. 2,60,000 பேரைக் குடியமர்த்துவதாக வாக்குறுதி கிடைத்தது. பதிலுக்கு, இங்குள்ள நாடுகள் கரையில் தற்காலிக இடம் தர வேண்டும். வியட்நாம் தன் பங்குக்கு, ஆட்கள் படகேறுவதைக் கொஞ்ச காலம் தடுப்பதாக ஒப்புக்கொண்டது. இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது. தப்பி ஓடுகிறவனைப் பிடித்து வைப்பதையும் சலுகைக் கணக்கில்தானே சேர்த்தார்கள்!

ஆனாலும் மாநாடு வெறும் பேச்சு என்று சொல்ல மாட்டேன். அதன் பலன் எங்கள் மேஜைக்கே வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உட்பட எட்டு நாடுகள், அகதிகளைக் குடியமர்த்தாத நாடுகளின் கொடியோடு வரும் கப்பல்களுக்குப் பொதுவாக உத்தரவாதம் தர முன்வந்தன. அப்புறம் பனாமா கொடிக்காகத் தூதரகம் தூதரகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை, அகதிகளுக்கான ஐ.நா. அலுவலகத்தோடு பேசினால் போதும். ஆட்கள் செம்பவாங் பக்கம் ஹாக்கின்ஸ் ரோடு முகாமுக்குப் போவார்கள், கப்பல் கிளம்பிவிடும்.

1989இல் மறுபடி ஜெனிவா. இந்த முறை, கெடு தேதிக்குப் பின் வந்தவர்களை விசாரித்து, உண்மையான அகதி என்று தேறியவர்களை மட்டும் குடியமர்த்துவது, மற்றவர்களைத் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று. குடியமர்த்தும் நாடுகள் சலித்துப் போயிருந்தன. விசாரணை வேண்டும் என்பதில் நியாயமும் இருந்தது. ஆனால் கடலில் எடுத்தவர்களுக்கான பழைய உத்தரவாதமும் அதோடு போயிற்று. அந்த உத்தரவாதம் அகதிக்குக் காட்டிய தயவு என்று நினைத்துவிட்டார்கள். அது கேப்டனுக்கானது. தூரத்தில் படகு தெரியும்போது, ஏற்றினால் எங்கே இறக்குவது என்ற கவலை அவருக்கு இருக்கக் கூடாது. படகில் இருப்பவர் அகதியா, பிழைப்பு தேடி வந்தவரா என்று நடுக்கடலில் அவர் எப்படி விசாரிப்பார்?