படத்துக்குக் கீழே நான்கு வரி

நாங்கள் படித்த அரசுப் பெண்கள் பள்ளியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படத்தை மாட்ட வேண்டும் என்று பழைய மாணவிகள் ஏழு பேர் முடிவு செய்தோம். பத்து நாள் வேலை என்று நினைத்தோம். ஏழு மாதம் ஆனது. இதே எண்ணம் உள்ளவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டம். அவர் 1886-ல் பிறந்த ஊர் எங்களுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான்.

தலைமையாசிரியைக்கு ரொம்ப சந்தோஷம். “ஆனா வாயால சொன்னா ஆகாதும்மா, மனுவா எழுதிக் கொடுங்க” என்றார். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பினோம். முதல் மனு எங்கே போனது என்றே தெரியவில்லை. இரண்டாவது முறை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டோம். நீங்கள் முதல் தடவையே அப்படிச் செய்துவிடுங்கள்.

நாள் பிடித்தது அனுமதிக்கு மட்டுமில்லை, படத்துக்குக் கீழே எழுத வேண்டிய வாசகத்துக்கும்தான். தோழி ஒருத்தி எழுதி வந்ததில் மருத்துவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமானவர் என்று இருந்தது. எல்லாம் சரிதான். குழுவில் இருந்த ஒரு தாய் கேட்டார்: “பிள்ளை பெத்தா பணம் தர்றாங்களே, அந்தத் திட்டத்துல பேர் இருக்கே, அந்த அம்மாவா?” ஆமாம், அவரேதான். அந்தப் பணம் வாங்கியவருக்கே, தன் ஓட்டுக்காகவும் இவர் பேசியிருக்கிறார் என்று தெரியவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஓட்டும் சட்டசபையும் அந்த வாசகத்தில் வந்தே ஆக வேண்டும் என்று நின்றேன்.

1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். சட்டசபைக்குள் போக 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொல்ல, அரசு அவரை நியமித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபைகளில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். காந்தி கைதானதும் 1930-ல் பதவியை உதறிவிட்டு வந்தார். அதோடு விடவில்லை. கணவன் சொத்தை வைத்து மனைவிக்கு வாக்கு என்று அரசு யோசித்தபோது, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். சொத்தில்லாத என் பாட்டி 1952-ல் ஓட்டுப் போட்டாள் என்றால் அதில் இவர்கள் பங்கும் இருக்கிறது.

இன்னொரு தோழி “தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் உறுப்பினர்” என்று போட்டால் கம்பீரமாக இருக்கும் என்றாள். வேண்டாம் என்றேன். உறுப்பினர் ஆனது நியமனத்தால். துணைத் தலைவராக்கியதுதான் அந்த அவையின் உறுப்பினர்கள், அதுவும் ஒருமனதாக. ஆண்கள் நிரம்பிய சபை அது. இதைவிடக் கம்பீரம் என்ன வேண்டும்?

கடைசியில் நான்கு வரியில் நின்றது:

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968)
பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்
சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர்
மருத்துவர்

தகரத்தில் எழுதக் கொடுத்தோம். வாங்கப் போன அன்று, பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டியது. முதல் வரியில் 1868 என்று இருந்தது. “அண்ணே, எட்டும் ஆறும் மாறிப்போச்சு” என்றேன். அவர் பதறிப்போய், பிளேடால் அந்த இரண்டு எண்ணையும் மட்டும் சுரண்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருத்தினார். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் மஞ்சள் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். எழுதக் கொடுக்கும்போது எண்களை எழுத்தாலும் எழுதிக் கொடுங்கள்.

தலைமையாசிரியை அறையில் மாட்டலாம் என்றார்கள். நாங்கள் முன் வராந்தாவைக் கேட்டோம். தேர்தல் வந்தால் எங்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. பெண்கள் வரிசை அந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். ஜூலை 30, அவர் பிறந்த நாளன்று, நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக இருக்கும்படி ஆணி அடித்தோம்.