தோமாவும் கரோல் டின்னும்

மலர்க் குழுவினர் இந்த முறையும் "பழைய நினைவு ஏதாவது எழுதித் தாருங்கள்" என்றுதான் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, விடுதி, சுவர் ஏறிக் குதித்தது எல்லாம் முந்தைய மலர்களிலேயே எழுதித் தீர்த்தாயிற்று. எழுதாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. அதை வெளியே எடுக்க வைத்தது போன ஆண்டு நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டத்தில் நடந்த சண்டை.

வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆண்டு ஒன்றுகூடலை ஜெபத்தோடு தொடங்குவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். இளையவர்கள் சிலர், தங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, தங்களையும் எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர் எழுந்து, "கடவுள் பயம் இல்லாதவர்களிடம் சங்கத்தின் காசுக் கணக்கை எப்படி நம்பிக் கொடுப்பது?" என்று கேட்டார். பதிலுக்கு ஒரு தம்பி, "மூளையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்களோடு என்ன பேசுவது?" என்றான். அப்புறம் அரை மணி நேரம் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை.

காசுக் கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு தோமா உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

தோமா அவனுடைய சொந்தப் பெயர் இல்லை. வகுப்பில் நாங்கள் வைத்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன சீடனின் பெயர். அவன் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "அந்த ஆள் கடைசியில் நம்பிவிட்டானே, எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்பான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சபையில், ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம். பதினைந்து வயதில் அவன் நம்புவதை நிறுத்திவிட்டான். காரணம் கேட்டால் பெரிய கதை எதுவும் சொல்லமாட்டான். "யோசித்துப் பார்த்தேன், இல்லை என்று தோன்றியது" என்பதோடு சரி.

வேதப்பாட வகுப்பில் ஒருநாள் யாரோ பைபிளின் 14ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு அவனை 'மதிகேடன்' என்று கூப்பிட, வகுப்பே சிரித்தது. கடவுள் இல்லை என்று மனதுக்குள் சொல்பவனை அந்தச் சங்கீதம் அப்படித்தான் அழைக்கிறது. அதோடு நில்லாமல், அப்படிப்பட்டவர்களில் நன்மை செய்கிறவன் ஒருவனும் இல்லை என்றும் சொல்கிறது. நம்பாதவன் கெட்டவனாகத்தான் இருப்பான் என்று நாங்கள் முடிவு கட்டியதற்கு அந்த வரியே போதுமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த வரியை எங்களை நோக்கித் திருப்பிப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை.

இல்லை, ஒருவர் முயன்றார். பாடம் எடுத்த போதகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "ஒரு காலத்தில் யாரை நாத்திகர் என்று சொல்லிக் கொன்றார்கள், தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "நம்மைத்தான்" என்றார். ரோமர்களின் பார்வையில் கிறிஸ்தவர்கள்தான் நாத்திகர்கள். கோயில் இல்லை, சிலை இல்லை, பேரரசின் தெய்வங்களுக்குப் பலி இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னா நகரத்து ஆயர் பொலிகார்ப்பை அரங்கில் நிறுத்தி, "நாத்திகர்கள் ஒழிக என்று சொல், விட்டுவிடுகிறேன்" என்றான் ஆளுநன். கிழவர் சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தார், அவர்களை நோக்கிக் கையை அசைத்தார், வானத்தை அண்ணாந்து பார்த்து, "நாத்திகர்கள் ஒழிக" என்றார். கிறிஸ்துவை மறுதலிக்கச் சொன்னபோது, 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தவன் எப்படி மறுப்பேன் என்று கேட்டுவிட்டு நெருப்புக்குப் போனார். வகுப்பில் கைதட்டல். தோமா மட்டும் கையை உயர்த்தி, "அப்படியென்றால் அந்தச் சொல்லின் வலி தெரிந்தவர்கள் அதை என்மேல் எறியலாமா, ஐயா?" என்றான். போதகர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மணி அடித்துவிட்டது.

1978இல் பள்ளி விவாதப் போட்டி. 'கடவுள் நம்பிக்கை இல்லாதவன் நல்ல குடிமகனாக இருக்க முடியாது' என்பது தலைப்பு. ஒட்டி நான், வெட்டி அவன். இரண்டு பேரும் ஒரே நூலகத்தில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து ஆயத்தம் செய்தோம். அவன் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கில் தொடங்கினான். மதச் சகிப்புக்காக 1689இல் வாதாடிய அதே மனிதர், நாத்திகருக்கு அந்தச் சகிப்பு பொருந்தாது என்றார். வாக்குறுதியும் சத்தியமும் அவர்களைக் கட்டுப்படுத்தாதாம். அப்புறம் சார்ல்ஸ் பிராட்லா என்ற நாத்திகர். 1880இல் நார்தாம்ப்டன் மக்கள் அவரைப் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி சொல்கிறேன் என்றார். கூடாது என்றார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நம்பாதவன் செய்யும் சத்தியம் செல்லாது என்றார்கள். "இது எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா? கதவைப் பூட்டிவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது!" என்று தோமா மேடையில் கையை விரித்தபோது, எங்கள் பக்கத்துப் பையன்களே சிரித்துவிட்டார்கள். பிராட்லாவை ஓர் இரவு பாராளுமன்றக் கடிகாரக் கோபுரத்தில் அடைத்தும் வைத்தார்கள். தொகுதிக்காரர்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்ப, 1886இல்தான் அவரால் சத்தியம் செய்து ஆசனத்தில் அமர முடிந்தது. உறுதிமொழிக்கு வழிவிடும் சட்டம் 1888இல் வந்தது.

என்னிடமும் சரக்கு இருந்தது. மாஸ்கோவில் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை 1931இல் ஸ்டாலின் அரசு வெடிவைத்துத் தகர்த்ததையும், பின்னாளில் அதே இடத்தில் நீச்சல் குளம் கட்டியதையும் சொன்னேன். அல்பேனியா 1967இல் கோயில், மசூதி எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தன்னை நாத்திக நாடு என்று அறிவித்ததைச் சொன்னேன். "கையில் அதிகாரம் கிடைத்தபோது உன் ஆட்கள் செய்தது இது" என்று முடித்தேன். பலத்த கைதட்டல். தோமாவை ஸ்டாலினின் சித்தப்பா மகன் ஆக்கியதில் எனக்கு அன்று எந்தக் கூச்சமும் இல்லை.

அந்தக் கைதட்டல்தான் அவனை உசுப்பிவிட்டிருக்க வேண்டும். நிறைவுரையில், இரவில் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டுக் கூரையோடு பேசுகிறவர்களைப் பற்றி ஒரு நக்கல் விட்டான். முகத்தைச் சுளித்து, கைகளைக் கூப்பி, நடித்தே காட்டினான். மண்டபம் அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பையன் மட்டும் எழுந்து வெளியே போனான். விடுதியில் அப்படி மண்டியிடுகிறவன் அவன் ஒருவன்தான். அந்த ஆண்டுதான் அவனுடைய தகப்பன் இறந்திருந்தார்.

அன்றிரவு படிப்பு நேரம் முடிந்து விளக்கு அணைக்கும் முன்பு, தோமா எங்கள் படுக்கைக்கூடத்துக்கு வந்தான். அவன் விடுதி மாணவன் இல்லை, வெளியிலிருந்து வருகிறவன். வார்டனிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பையனின் கட்டில் அருகே போய் நின்று, "உன்னை நினைத்துத்தான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. மன்னித்துவிடு" என்றான். அந்தப் பையன் முகத்தை நிமிர்த்தவில்லை. மன்னித்தானா என்று எங்களுக்குத் தெரியாது. தோமா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு இதெல்லாம் தேவையா என்று நாங்கள் சிரித்தோம்.

பாடகர் குழுவைப் பற்றிச் சொல்லாமல் தோமாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அடித்தொண்டையில் 'பேஸ்' பாட அவனைப்போல் அந்தக் காலத்தில் பள்ளியில் ஆள் இல்லை. எல்லாக் கீர்த்தனைகளும் பாடுவான். தேவனை விசுவாசிக்கிறேன் என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணம் வரும்போது மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். பக்கத்தில் நிற்பவன் நான், எனக்குத்தான் அந்த மௌனம் கேட்கும். ஏன்டா என்று ஒருநாள் கேட்டேன். "பாட்டில் வருகிற 'நான்', எழுதின ஆள். பிரமாணத்தில் வருகிற 'நான்', நானேதான். பொய் சொல்ல முடியாது" என்றான். சில பெற்றோர் இதைக் கவனித்து முறைப்பாடு செய்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அந்த ஆண்டு கரோல் பாடப் போன இரவில் நல்ல மழை. காணிக்கை டின் என் பொறுப்பு. டின்னின் மூடி சரியாகப் பொருந்தாமல் தண்ணீர் இறங்கியது. திரும்பி வந்து இசையறையில் கொட்டி எண்ணினோம். சில்லறைதான் நிறைய இருந்தது. கடைசி இரண்டு வீடுகளில் போட்ட தாள்கள் இல்லை. போட்டதை எல்லோரும் பார்த்திருந்தோம். எங்கள் ஆசிரியர், சேர் என்றுதான் கூப்பிடுவோம், வாயே திறக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். அந்த அமைதியில், "தோமா, உன்னிடம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டது நான்தான்.

அவன் சட்டைப் பையையும் காற்சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஈரமான கைக்குட்டை, ஒரு பென்சில் துண்டு, பஸ் டிக்கெட். அவற்றை மேசையில் வரிசையாக வைத்தான், திரும்ப எடுத்துக்கொண்டான், போய்விட்டான். பேச்சு அடங்கும்வரை ஒத்திகைக்கு வர வேண்டாம் என்று மறுநாள் அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவன் இடத்தில் யாரும் நிற்கவில்லை. ஒவ்வொரு பாட்டும் அடித்தளம் இல்லாத வீடு மாதிரி ஆடியது.

ஜனவரியில் என் பாட்டுப் புத்தகத்தின் ரெக்சின் உறையைக் கழற்றினேன். உள்ளே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருந்தன. டின் ஒழுகுகிறதே என்று அந்த இருட்டில் நானே செருகி வைத்து, நானே மறந்துபோயிருக்கிறேன். சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓர் உறையில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்து, "கிடைத்துவிட்டதுதானே, சரி, இனி இதைப் பெரிதாக்காதே" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஞாயிறுதோறும் எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகப் பாவ அறிக்கை சொல்கிற நான், இதை யாரிடமும் சொல்லவில்லை. தோமா பாடகர் குழுவுக்குத் திரும்பி வரவும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, இரண்டு பேரும் கடல் கடந்து வந்து சேர்ந்த பிறகு, தொலைபேசியில் அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "கேட்டது எல்லாருக்கும் முன்னால், திருப்பிக் கொடுப்பது தனியாகவா?" என்றான். அப்புறம் பேச்சைப் பிள்ளைகளின் படிப்புக்கு மாற்றிவிட்டான்.

போன ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறேன். சண்டை உச்சத்தில் இருந்தபோது ஒருவர், "இத்தனை காலம் உங்களை நாங்கள் சகித்துக்கொள்ளவில்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் தோமா எழுந்தான். "சகித்துக்கொள்ள நான் என்ன பல்வலியா?" என்றான். இரண்டு தரப்பும் சிரித்தது. தோண்டுகிறவனையும் நிலம் தாங்குகிறது என்று பள்ளியில் நமக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்லித்தந்தார்கள், ஆனால் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவன் கையில்தான் பெரும்பாலும் மண்வெட்டி இருக்கிறது என்றான். பிறகு மூளை பற்றிப் பேசிய தம்பியின் பக்கம் திரும்பி, "நீ இப்போது பேசியதை நான் உன் வயதில் மேடையில் நடித்தே காட்டினேன். ஒரு பையன் எழுந்து போனான். இன்றைக்கும் அவன் முதுகுதான் ஞாபகம் வருகிறது" என்றான். தம்பி உட்கார்ந்துவிட்டான்.

தோமா சொன்னபடிதான் தீர்மானம் எடுத்தோம். ஜெபம் வேண்டியவர்கள் கால் மணி நேரம் முன்னதாக வந்து மண்டபத்தில் கூடுவது. நிகழ்ச்சி பள்ளிக் கீதத்தோடு தொடங்கும், அதில் கடவுள் இருந்தாலும் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. நிற்பதும் உட்காருவதும் அவரவர் விருப்பம். இரண்டு பக்கத்திலும் முணுமுணுப்பு உண்டு. என் பக்கத்துக்காரர்கள் சிலர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அது சரியான ஏற்பாடாகவே படுகிறது.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, தன் பெயரைப் போட வேண்டாம் என்றான் தோமா. "மனைவி சபையில் இந்த மலரை எல்லாரும் வாசிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் என்னால் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியாது." டின் யார் கையில் இருந்தது என்பதை எழுதட்டுமா என்று கேட்டேன். "அதை எழுதாவிட்டால் மற்றது எதற்கு?" என்றான்.

டின் என் கையில்தான் இருந்தது. தாள்கள் என் பாட்டுப் புத்தக உறைக்குள் இருந்தன. அன்று இசையறையில் இருந்தவர்களில் பலர் இந்த மலரை வாசிப்பார்கள்.

கீதத்துக்கான ஒத்திகை வழக்கம்போல ஒன்றுகூடலுக்கு முந்தின சனிக்கிழமை மாலை. பேஸ் பாட இப்போதைக்கு இரண்டே பேர்தான் இருக்கிறோம். அதில் நான் சுருதி தப்புகிறவன்.