ரைடர் கோப்பைக்கு விண்ணப்பம் போடுவது: எங்கே வழுக்கும், ஏன் வழுக்கும்

அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பையை நடத்தும் உரிமையைக் கேட்டு விண்ணப்பம் எழுத உட்காரும் குழு முதலில் எடுத்து வைப்பது மைதானத்தின் படங்களைத்தான். காலைப் பனியில் பளபளக்கும் கிரீன் (பந்தைத் தள்ளும் குழியைச் சுற்றிய மட்டமான புல்தரை), பின்னால் மலை, நடுவில் ஒரு ஏரி. கோப்பு நன்றாகக் கனக்கும். ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கங்களைச் சட்டென்று புரட்டிவிட்டு, வண்டிகள் எங்கே நிற்கும், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், பணம் குறைந்தால் யார் கட்டுவார்கள் என்று கேட்பார்கள். நல்ல மைதானம் போட்டியிடும் எல்லா நாட்டிடமும் இருக்கும். இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வைத்திருப்பவர்கள்தான் குறைவு.

யாரிடம் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்தப் போட்டி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மாறி மாறி வரும். ஐரோப்பாவின் முறை வரும்போது இடத்தை முடிவு செய்வது ரைடர் கப் யூரோப் என்ற அமைப்பு. அதில் ஐரோப்பாவின் தொழில்முறை கோல்ஃப் தொடரை நடத்தும் யூரோப்பியன் டூருக்கு 60 சதவீதப் பங்கு. பிரிட்டன்-அயர்லாந்து பிஜிஏவுக்கும் (தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கம்) ஐரோப்பிய பிஜிஏக்களின் கூட்டமைப்புக்கும் 20, 20. யூரோப்பியன் டூருக்குச் சொந்த மண்ணில் நடக்கும் ரைடர் கோப்பைதான் வருமானத்தின் முதுகெலும்பு. அதனால் வருமானம் ஆட்டம் காணக்கூடிய எதையும் அவர்கள் லேசில் ஏற்க மாட்டார்கள்.

விருப்பக் கடிதம், முழு விண்ணப்பம், நேரடி ஆய்வு, பேச்சுவார்த்தை, அறிவிப்பு. வரிசை இதுதான். கடிதம் கொடுப்பது சுலபம், உதிர்வது அதற்குப் பிறகுதான். 2022 போட்டிக்கு ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, இத்தாலி, போர்ச்சுகல், ஸ்பெயின், துருக்கி என ஏழு நாடுகள் விருப்பம் தெரிவித்தன. கடைசி வரை நின்றவை நான்கு. துருக்கி விலகியதற்குச் சொல்லப்பட்ட காரணம், ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்பது. மரக் கணக்கெடுப்பு, நீர் ஆதாரம், நிலப் பத்திரம் இந்த மூன்றையும் கடிதம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். விலகுவதில் தவறில்லை. ஊருக்கெல்லாம் அறிவித்த பிறகு விலகினால் அடுத்த முறை கேட்கும்போது குரல் எடுபடாது.

இனி கூட்டத்தின் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சாதாரண கோல்ஃப் போட்டியில் நூற்றைம்பது பேர் வரை 18 குழிகளிலும் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து பந்து விழ வேண்டிய துளை வரையுள்ள பாதை முழுவதையும் குழி என்பார்கள்) பரவி ஆடுவார்கள், கூட்டமும் பரவிவிடும். ரைடர் கோப்பையில் ஒரு அணிக்கு 12 பேர்தான். முதல் இரண்டு நாளும் காலையில் நான்கு ஆட்டம், மதியம் நான்கு ஆட்டம். நாளுக்கு 50,000 பேர் வருகிறார்கள் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 12,500 பேர். 400 மீட்டர் நீளக் குழிக்கு இரு பக்கமும் கயிறு கட்டினால் 800 மீட்டர். மீட்டருக்கு இரண்டு பேர் வீதம் முன்வரிசையில் 1,600 பேர் நிற்கலாம். மீதிப் பேரையும் சேர்த்தால் எட்டு வரிசை. தட்டையான தரையில் மூன்றாவது வரிசைக்காரருக்கு முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரியும். அந்த எட்டு வரிசையும் ஒரே இடத்தில் நிற்காது, தேரோட்டத்தில் வடம் நகர நகரக் கூட்டமும் நகர்வதைப் போல ஆட்டத்தோடு சேர்ந்து அடுத்த குழிக்கு நடக்கும். குறுக்கே ஒரு ஒற்றைப் பாலம் இருந்தால் போதும், அங்கே எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

2018 போட்டியை நடத்தும் உரிமையை வென்ற பிரான்ஸின் லெ கோல்ஃப் நாசியோனாலைப் பாருங்கள். பாரிஸுக்கு வெளியே, வெர்சாய் பக்கத்தில், தட்டையான விவசாய நிலத்தில் பாரிஸ் கட்டுமானங்களில் தோண்டிய மண்ணைக் கொட்டி மேடு மேடாக உருவாக்கிய மைதானம். 1990-ல் திறக்கப்பட்டபோதே பார்வையாளரை மனதில் வைத்துக் கட்டியது. கடைசிக் குழிகள் நீரைச் சுற்றி இருப்பதால் ஒரு மேட்டில் நின்றால் ஒன்றுக்கு மேற்பட்ட குழிகள் தெரியும். முதல் டீயை, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தை, சுற்றி மட்டும் 6,500 பேருக்கு மேல் உட்காரும் மேடை போட்டார்கள். அத்தனை வசதி இருந்தும் முதல் நாளே 6-வது குழியருகே நின்ற ஒரு பார்வையாளரின் கண்ணில் பந்து பட்டுப் பார்வை பறிபோனது. பந்து விழக்கூடிய தூரத்தில் கயிற்றை எவ்வளவு தள்ளிக் கட்டுவது, எச்சரிக்கும் ஊழியர் எங்கே நிற்பது என்பதைக் குழி குழியாக வரைபடத்தில் குறிக்க வேண்டும். பொதுவான ஒரு பத்தி எழுதி இதைக் கடக்கவே கூடாது.

அடுத்தது தண்ணீர். 2010-ல் வேல்ஸின் செல்டிக் மேனரில் அக்டோபர் 1 அன்று ஆட்டம் தொடங்கியது. மழையால் முதல் நாளே ஏழு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. அமெரிக்க அணியின் மழைக்கோட்டுகள் ஒழுகி, விற்பனைக் கூடாரத்தில் புதுக் கோட்டுகள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வரலாற்றில் முதல் முறையாகப் போட்டி திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. மைதானம் அஸ்க் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் பகல் வெளிச்சமும் குறைவு. ஆகவே திங்கட்கிழமையையும் திட்டத்தில் எழுதுங்கள்: பேருந்து, காவலர், தன்னார்வலர், சாப்பாடு, டிக்கெட் விதி, எல்லாவற்றோடும். வாகனம் நிறுத்த வயலைக் காட்டினால், மழை நாளில் அது சேறாகும்போது மாற்று இடம் எது என்பதையும் அதே பக்கத்தில் காட்டுங்கள். ஃபேர்வேயின் (கிரீன் வரை போகும் வெட்டிய புல் பாதை) வடிகால் குழாய் வரைபடத்தைத் தோராயமாகக் கொடுக்காமல் அளந்து கொடுங்கள்.

பணத்துக்கு வருவோம். 2022 போட்டியை நடத்தும் உரிமையை இத்தாலி வென்றது 2015 டிசம்பர் 14 அன்று. ரோம் அருகே மார்கோ சிமோனே மைதானம். விண்ணப்பத்தில் சொன்ன 9 கோடியே 70 லட்சம் யூரோ அரசு உத்தரவாதத்துக்குச் சட்டத்தில் இடம் தேடுவது பெரும்பாடானது. வங்கிகளுக்கான அவசரச் சட்டத்தோடு அதைச் சேர்த்தபோது, சம்பந்தமில்லாத பிரிவு என்று செனட்டில் தள்ளுபடியானது. 2017-ல்தான் ஒருவழியாக முடிந்தது. அமைச்சரின் ஆதரவுக் கடிதம் உத்தரவாதம் ஆகாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் தொகை வரும், ஆட்சி மாறினால் யாரைக் கட்டுப்படுத்தும் என்பதை நிதித்துறையிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். பிறகு கொரோனாவால் எல்லாம் ஓராண்டு தள்ளி 2023-ல் ஆடினார்கள். அந்த ஓராண்டுச் செலவுக்கும் கோப்பில் ஒரு வரி இருக்க வேண்டும்.

பிரான்ஸ் இதில் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடிக்கும். கோல்ஃப் சம்மேளனமே மைதானத்தின் உரிமையாளர், அதனால் நிலத் தகராறு இல்லை. நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமம் பெற்ற ஆட்டக்காரர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 3 யூரோ கூடுதலாக வாங்கினால் ஆண்டுக்குக் குறைந்தது 12 லட்சம் யூரோ. தொகை பெரிதல்ல. ஆனால் அரசு மாறினாலும் நிற்காத பணம், நாடு முழுக்க ஆடுகிறவர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்பதற்கு அதுவே கையெழுத்து. கூடவே நகரங்களுக்குள் 100 சிறு மைதானங்கள் கட்டும் திட்டத்தையும் வைத்தார்கள். ஸ்காட்லாந்து 2014-க்காக, ஒன்பது வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் கோல்ஃப் ஆடிப் பார்க்கும் திட்டத்தைப் போட்டது. போட்டிக்குப் பின் என்ன மிஞ்சும் என்ற பகுதியில் இப்படி எண்ணும் கெடுவும் இருக்க வேண்டும்.

2018 உரிமைக்காகப் பிரான்ஸோடு மோதிய போர்ச்சுகல் காட்டிய கொம்போர்டாவும், ஸ்பெயின் காட்டிய மாட்ரிட் அருகிலுள்ள த்ரெஸ் காந்தோஸும் அப்போது கட்டப்படாத மைதானங்கள். கட்டாததைக் காட்டி வெல்லவே முடியாது என்பதில்லை, வேல்ஸ் வென்றது. அங்கே டெர்ரி மேத்யூஸ் என்ற ஒற்றை உரிமையாளர் சொந்தப் பணத்தோடு நின்றார். அப்படி ஒருவர் இல்லையென்றால் இங்கிலாந்தின் போல்டன் நகரத்து ஹல்டன் பார்க்கில் செய்ததைக் கவனிக்கலாம்: 2020-ல் கிடைத்த கட்டட அனுமதியிலேயே, ரைடர் கோப்பை கிடைத்தால்தான் கட்டலாம் என்று நிபந்தனை இருக்கிறது.

தோற்ற கோப்பைக் கிழித்துப் போடாதீர்கள். 2022-க்கு இத்தாலியிடம் தோற்ற ஜிரோனா மைதானம்தான் இப்போது கமிரல் என்ற பெயரில் 2031 போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது. மண் ஆய்வும் வடிகால் வரைபடமும் பத்தாண்டு கழித்தும் செல்லும். ஹோட்டல் அறைக் கணக்கையும் உத்தரவாதக் கடிதங்களையும் மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.