ஆறு பெனரும் போச்சு, கூட்டப் பேர்மிட்டுக்கு மூண்டு தரம் அலைஞ்சதும் மிச்சம்

2025 மே 6 நடந்த உள்ளூராட்சித் தேர்தல்ல எங்கட அக்கா சுயேட்சைக்குழுவில வட்டாரத்துக்கு நிண்டவ. ஊர் மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். நொமினேஷன், கட்டுக்காசு, சின்னம் எல்லாம் சிக்கலில்லாம முடிஞ்சுது. மாட்டுப்பட்டது பெனர்லதான்.

பஸ் ஹோல்ட்ல ரெண்டு, லைட் போஸ்ட்ல மூண்டு, பள்ளிக்கூட மூலையில ஒண்டு எண்டு ராவோட ராவா கட்டினம். விடியப் போய்ப் பாத்தா ஒண்டும் இல்ல. எதிராக்கள்தான் கழட்டிட்டாங்க எண்டு நாங்க கொதிச்சுக்கொண்டு நிக்கக்குள்ள பொலிசில இருந்து கோல் வருது, வாக்குமூலம் குடுக்க வரட்டாம். அங்க போனா ஒருத்தரும் விளங்கப்படுத்தல்ல, "சட்டம் தெரியாமலா எலக்‌ஷன் கேக்குறீங்க" எண்டு ஒரே ஏச்சு. அக்காவுக்குக் கண் கலங்கிட்டு, நாங்க கடன் வாங்கி அடிச்ச பெனர் அது.

கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, இருந்த தேர்தல் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போன பிறகுதான் ஒரு சேர் இருத்தி வச்சுச் சொன்னார். தேர்தல் காலத்தில போஸ்டர், பெனர், கொடி, வேட்பாளர்ட படம், சின்னம் எதையும் ரோட்டிலயோ ரோட்டுக்குக் குறுக்காலயோ சனம் வந்துபோற இடத்திலயோ போடேலாது. கூட்டம் வைக்கிற அண்டைக்கு மட்டும் அந்தக் கூட்டம் நடக்கிற வளவுக்குள்ள கட்டலாம், வேட்பாளர் போற வாகனத்தில போடலாம். வேலி எங்கட வேலிதானே எண்டு அதில பெனர் கட்டினாலும் கழட்டுவாங்க. இத ஒரு துண்டில எழுதி நொமினேஷன் அண்டைக்கே கையில தந்திருந்தா எவ்வளவு காசு மிஞ்சியிருக்கும்!

சரி, கூட்டம் வைப்பம் எண்டு பேர்மிட் எடுக்கப் பொலிசுக்குப் போனன். முதல் நாள் கடிதத்தப் பாத்திட்டு சிங்களத்தில எழுதிக்கொண்டு வா எண்டாங்க. நானும் வாய் திறக்காம வந்திட்டன், அது இண்டைக்கும் நெஞ்சுக்க கிடக்கு, ஏனெண்டா வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பிலயே இருக்கு, கடிதத்தத் தமிழிலயே எடுக்கத்தான் வேணும். ரெண்டாம் நாள் அதையே சொன்னன், கச்சேரிக்குக் கோல் எடுக்கிறன் எண்டும் சொன்னன், மறுகா ஒண்டும் பறையாம வாங்கினாங்க. ஆனா வளவுக்காரர் சம்மதக் கடிதம் இல்லையாம். அத முதல் நாளே சொல்லியிருக்கலாமே! வளவுக்கார மாமா வயலுக்க, அவரத் தேடிப்பிடிச்சுக் கையெழுத்து வாங்கவே பொழுதுபட்டுட்டு. மூண்டாம் நாள்தான் ஸ்பீக்கருக்கும் சேத்துப் பேர்மிட் கிடைச்சுது.

அடுத்த முறை கேக்கிறாக்களுக்குச் சொல்றன், கடிதத்தில ரெண்டு கொப்பி கொண்டு போய் ஒண்டில சீல் அடிச்சு எடுங்க. சம்மதக் கடிதம், இடம், திகதி, நேரம், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே தரமாக் குடுங்க. நோட்டீஸ் அடிச்சா அச்சகத்துப் பேரும் விலாசமும் அதில இருக்கா எண்டு காசு குடுக்க முதல் பாருங்க.

கூட்டத்தண்டைக்கு ஒரு பெனர்ட கயிற, பொடியன்மார் அவசரத்தில ரோட்டோர லைட் போஸ்ட்ல கட்டிட்டாங்க. பொலிஸ் ஜீப் வாற சத்தம் கேட்டு ஓடிப் போய் அவிட்டு உள்ளுக்க மாமரத்தில கட்டினன். வந்தவர் சுத்திப் பாத்திட்டு பேர்மிட்டக் கேட்டார், நீட்டினன், தலையாட்டிட்டுப் போனார். அந்த நிமிஷம் வந்த நிம்மதிய எழுதத் தெரியல்ல. கூட்டம் முடிஞ்ச கையோட டோர்ச் அடிச்சு ஒரு கொடி விடாமக் கழட்டித்தான் படுத்தம்.

இன்னொண்டு. 2023ம் ஆண்டு 3ம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டத்தால இப்ப தேர்தல் முடிவு வெளியாகி 21 நாளுக்குள்ள வேட்பாளர் செலவுக்கணக்குக் குடுக்கோணும், தோத்தாலும் குடுக்கோணும். பிரின்ட் அடிச்ச கடை பில்ல எறிஞ்சிராதீங்க. பொலிஸ் கொண்டுபோன அந்த ஆறு பெனரையும் செலவில எழுதித்தான் அக்கா கையெழுத்துப் போட்டவ.