வரிசைக்கு வராத எழுத்துகள்

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரு தளப்படம். அறைப் பெயர்களில் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒவ்வொன்றாக மூவ் போட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு பல வருடம் நகர்த்தியவன் நான். 2015 பதிப்பிலேயே டெக்ஸ்ட்அலைன் கட்டளை வந்துவிட்டதாம். எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, எதன் வரிசைக்கு வர வேண்டுமோ அதைத் தொட்டு, திசையைக் காட்டினால் போதும். இடைவெளியைச் சமமாகப் பங்கிட டிஸ்ட்ரிபியூட்டும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் ஒன்று. இடப்பக்கம் ஒட்டிய ஒற்றைவரி எழுத்தை நடுவுக்கு மாற்ற ப்ராப்பர்ட்டீஸ் என்ற பண்புகள் பலகைக்குப் போகாதீர்கள், எழுத்தே இடம்பெயர்ந்துவிடும். ஜஸ்டிஃபைடெக்ஸ்ட் கட்டளை கொடுத்தால் எழுத்தைப் பிடித்து நிறுத்தும் பிடிப்புள்ளி மட்டும்தான் மாறும், எழுத்து அசையாது. இது தெரியாமல் ஒருநாள் 30 அறைப் பெயர்களைச் சுவருக்குள் தள்ளிவிட்டேன். நல்லவேளை, அன்டூ காப்பாற்றியது.